மந்திரமும் காதலும் கலந்த லேசான நாவலுக்கு வாசகர் கருத்து எழுதுவது எப்படி: முழு வழிகாட்டி

ஒரு நாவலைப் படித்து முடித்த கையோடு "செம ஃபீல் குட், கண்டிப்பா படிங்க" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். எழுதிய நமக்கு மனசு நிறைந்துவிடும். ஆனால் அதைப் படிக்கிறவருக்கு, இந்தப் புத்தகத்தை வாங்கலாமா, தங்கைக்குப் பரிசாகக் கொடுக்கலாமா, ரயிலில் எடுத்துப் போகலாமா என்று ஒன்றுமே தெரியாது. நான் பார்த்தவரை, லேசான காதல் கதையில் கொஞ்சம் மந்திரமும் சேர்ந்த நாவல்களுக்குத்தான் இந்த மாதிரி ஒற்றை வரிக் கருத்துகள் நிறைய வருகின்றன. லேசான கதைதானே, இதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்ற நினைப்புதான் காரணம். நிறைய இருக்கிறது. படிக்கிறவருக்குப் பாரம் தெரியாமல் முந்நூறு பக்கம் கொண்டுபோவது பெரிய வேலை, அந்த வேலை எங்கே நன்றாக நடந்தது, எங்கே சறுக்கியது என்று பார்த்துச் சொல்ல நமக்குத் தெரிய வேண்டும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எதுவும் பிடிபடாது என்பதால் ஒரே ஒரு நாவலை எடுத்துக்கொள்கிறேன். சங்கு மந்தன்னா எழுதி 2022-இல் வந்த 'தி வெரி சீக்ரெட் சொசைட்டி ஆஃப் இர்ரெகுலர் விட்ச்சஸ்'. எழுதியவர் இந்தியாவிலிருந்து போய் இங்கிலாந்தில் வசிக்கிறவர், கதையின் நாயகி மீக்காவும் இந்தியாவில் பிறந்தவள்; மந்திரக்காரியான அவள், மந்திரம் உள்ள மூன்று சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வீட்டுக்குப் போகிறாள். நான் இரண்டு முறை படித்திருக்கிறேன், அதனால் எந்தப் படியைச் சொன்னாலும் இதிலிருந்தே உதாரணம் காட்ட முடியும். முக்கியமான முடிச்சு எதையும் இங்கே அவிழ்க்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

முதல் படி: படிக்கும்போதே மூன்று குறி

கருத்து எழுதுவது படித்து முடித்த பிறகு தொடங்குகிற வேலை என்று நினைக்காதீர்கள். பென்சிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கிண்டிலில் படித்தால் வண்ணத்தை மாற்றி ஹைலைட் செய்யுங்கள். மூன்றே குறிகள் போதும். உங்களை அறியாமல் சிரித்த இடத்தில், அல்லது தொண்டை அடைத்த இடத்தில், ஒரு சின்ன வட்டம். கண் தானாக அடுத்த பத்திக்குத் தாவிய இடத்தில் ஒரு கோடு. "இது எப்படி?" என்று நின்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி.

என் பிரதியில் முதல் வட்டம் மூன்று சிறுமிகளில் ஒருத்தியான டெரகோட்டா வரும் இடத்தில் விழுந்தது. வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியையை எப்படி ஒழித்துக்கட்டலாம் என்று அந்தக் குழந்தை வெளிப்படையாகவே பேசும். முதல் கேள்விக்குறி அதற்கும் முன்னாலேயே விழுந்துவிட்டது: மந்திரக்காரிகள் ஒருவரோடு ஒருவர் பழகக் கூடாது என்ற விதி. ஏன் கூடாது, அப்படி என்ன ஆகிவிடும் என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். பிறகு பார்த்தால் அந்தக் கேள்விதான் முழு நாவலின் கேள்வியும். குறி போடாமல் படித்திருந்தால் அது எனக்கு எப்போது தோன்றியது என்பதே மறந்து போயிருக்கும்.

இரண்டாம் படி: ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்

முடித்தவுடன் எழுதாதீர்கள். இந்த வகை நாவல்களின் கடைசி முப்பது பக்கம் எப்போதுமே இனிப்பாக இருக்கும், அந்த இனிப்பு நடுவில் சலித்ததை எல்லாம் மறக்கடித்துவிடும். மறுநாள் காலையில் புத்தகத்தைத் திறக்காமல், நினைவில் என்ன நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். எனக்கு நின்றது காதல் காட்சி இல்லை, டீ. நாயகி தேயிலையோடு இதையும் அதையும் சேர்த்துக் கலவை போடுவதும், ஒவ்வொருவர் மனசுக்கும் ஏற்ற மாதிரி அதைச் செய்துகொடுப்பதும். இது ஒரு தகவல். இந்த நாவல் காதலைவிட கவனிப்பைப் பற்றியது என்று எனக்குத் தோன்றியது இந்த டீயிலிருந்துதான்.

மூன்றாம் படி: கதையை எங்கே நிறுத்துவது

கதைச்சுருக்கம் ஐந்து வரியைத் தாண்டக் கூடாது. முதல் கால் பங்கில் வருவதை மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வருவது எழுத்தாளர் நமக்காக ஒளித்துவைத்தது, அதை எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. சரி, செய்து பார்ப்போம்.

மீக்கா மூன் பிரிட்டனில் வாழும் ஒரு மந்திரக்காரி, முப்பதைக் கடந்தவள். மந்திரக்காரிகள் ஓரிடத்தில் கூடினால் மந்திரம் பெருகி ஊர் கண்ணில் பட்டுவிடும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மூன்றாவது வியாழக்கிழமை மட்டும் சந்தித்துவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போய்விட வேண்டும் என்பது அவர்களுடைய மூத்தவள் ப்ரிம்ரோஸ் வைத்த சட்டம். மீக்கா, மந்திரக்காரி மாதிரி நடிக்கும் பெண்ணாக இணையத்தில் வீடியோ போடுகிறாள், உண்மையிலேயே அவள் மந்திரக்காரி என்று யாரும் நம்ப மாட்டார்கள் என்ற தைரியத்தில். அதைப் பார்த்து ஒருநாள் ஒரு செய்தி வருகிறது: நார்ஃபோக் கடலோரத்தில் 'நோவேர் ஹவுஸ்' என்ற வீட்டில் மூன்று சிறுமிகள் இருக்கிறார்கள், மூவரும் மந்திரம் உள்ளவர்கள், அடக்கத் தெரியவில்லை, வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா? அவள் போகிறாள், அங்கே சிடுசிடுவென்று ஒரு நூலகர் இருக்கிறான்.

இவ்வளவுதான். அந்த வீட்டுக்காரர்கள் மீக்காவிடம் ஒரு விஷயத்தை மறைக்கிறார்கள் என்பதை வேண்டுமானால் சொல்லலாம், என்ன விஷயம் என்பதைச் சொல்லக் கூடாது. "கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கு, எதிர்பார்க்கவே மாட்டீங்க" என்றும் எழுதாதீர்கள். அப்படி எழுதினாலே படிக்கிறவர் ஒவ்வொரு பக்கத்திலும் அதைத் தேடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், கதை போய்விடும்.

நான்காம் படி: மந்திரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். படித்த நாவலிலிருந்து மந்திரத்தை முழுக்க உருவி எடுத்துவிடுங்கள். மீதி இருக்கும் காதல் கதை அப்படியே நிற்கிறதா? நின்றால், மந்திரம் வெறும் ஜிகினா. ஒட்டியிருக்கிறது, மின்னுகிறது, எடுத்தாலும் துணிக்கு ஒன்றும் ஆகாது. மந்திரத்தை எடுத்ததும் காதலும் சேர்ந்து சரிந்தால், எழுத்தாளர் சரியாக நெய்திருக்கிறார்.

நம் நாவலில் செய்து பார்த்தேன். இதில் மந்திரம் என்பது மந்திரக்காரிகளின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற தங்கத் தூள் மாதிரி. அது அவர்களைச் சுற்றியே மிதக்கும், சில சமயம் செல்லமாக அடம்பிடிக்கும். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் இந்த அழகை எடுத்துவிட்டாலும் கதைக்கு நஷ்டமில்லை. நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கதையின் உலகத்தில் மந்திரத்தோடு பிறக்கும் பெண் குழந்தை ஒவ்வொன்றும் பெற்றோரை இழந்துவிடும், எப்போதோ தவறிப்போன ஒரு பழைய மந்திரத்தின் விளைவு அது. ஆக, மந்திரம் என்றால் அநாதை. அதோடு கூடக் கூடாது என்ற சட்டமும் சேர்ந்தால், மந்திரம் என்றால் தனிமை. மீக்கா எந்த ஊரிலும் நிலையாக இருந்ததில்லை, யாரிடமும் தன்னைப் பற்றிச் சொன்னதில்லை. அவளை இந்தியாவிலிருந்து சின்ன வயதிலேயே கூட்டிவந்த ப்ரிம்ரோஸ், ஒரு பெரிய வீட்டில் மாறிமாறி வந்த ஆயாக்களிடமும் ஆசிரியைகளிடமும் விட்டு வளர்த்தாள். யாராவது மனசுக்கு நெருங்கினால் கொஞ்ச நாளில் அவர்கள் போய்விடுவார்கள். இப்படி வளர்ந்த பெண்ணுக்குக் காதலிக்கத் தெரியாமல் இல்லை, ஓரிடத்தில் தங்கத் தெரியவில்லை. காதலுக்குக் குறுக்கே நிற்பது வில்லனோ வசதி வித்தியாசமோ கிடையாது, மந்திரம் அவளுக்குப் பழக்கிவிட்ட தனிமைதான். மந்திரத்தை எடுத்தால் அந்தத் தடை போய்விடும், தடை போனால் சொல்வதற்குக் கதையே இல்லை.

இதை உங்கள் கருத்தில் இரண்டே வரியில் எழுதினால் போதும், படிக்கிறவருக்குப் புத்தகத்தின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். "மேஜிக் சூப்பரா இருக்கு" என்பதற்கும் "இந்தக் கதையில் மந்திரம் இருப்பதால்தான் அவள் தனியாக இருக்கிறாள்" என்பதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

இதே இடத்தில் மந்திரத்தின் விதிகளையும் விசாரியுங்கள். என் கேள்விக்குறி இங்கேதான் வேலைக்கு வந்தது. ஒரே வீட்டில் மூன்று சிறுமிகள், மூவருக்கும் மந்திரம், ப்ரிம்ரோஸின் சட்டப்படி பார்த்தால் இது பெரிய குற்றம். ஆனால் அவர்கள் சேர்ந்துதான் வளர்கிறார்கள், சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். சட்டம் சரியா, இந்த வீடு சரியா என்று நாவல் நம்மிடமே கேட்கிறது. விதி தெளிவாக இல்லை என்று குறை சொல்ல வந்த எனக்கு, அந்த விதியைக் கேள்வி கேட்பதுதான் கதை என்று இரண்டாம் முறை படிக்கும்போது புரிந்தது. அதனால் எந்த விதியாவது இடித்தால் அதை உடனே குறைக் கணக்கில் போடாதீர்கள், எழுத்தாளர் வேண்டுமென்றே இடிக்க வைத்திருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: காதல் எங்கே திரும்பியது

"கெமிஸ்ட்ரி இல்லை", "கெமிஸ்ட்ரி வேற லெவல்". இந்த இரண்டு வாக்கியங்களையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, அவர்கள் இருவரும் எந்த இடத்தில் ஒருவரை ஒருவர் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள், அந்த மாற்றத்தை நீங்கள் நம்பினீர்களா என்று எழுதுங்கள்.

ஜேமி, அந்த நூலகர், முதல் நாளே மீக்காவை முறைக்கிறான். முறைப்பதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது: சிறுமிகளின் ரகசியம் வெளியே போனால் அந்த வீடே உடைந்துவிடும், முன்பின் தெரியாத ஒருத்தியை எப்படி நம்புவது? சிடுமூஞ்சி ஹீரோ, சிரித்த முகமாக ஹீரோயின் என்ற ஜோடி புதிதே கிடையாது, மாத நாவல் படித்து வளர்ந்த நமக்கு இது தண்ணி பட்ட பாடு. ஆனால் பழைய கதைகள் பலவற்றில் ஹீரோ ஏன் சிடுசிடுக்கிறான் என்பதற்கு அவன் திமிரைத் தவிர வேறு காரணம் இருக்காது. இங்கே அவன் கோபம் முழுக்கக் குழந்தைகள் மேல் இருக்கும் பாசத்தின் மறுபக்கம். அதனால் அவன் கோபம் குறையக் குறைய, அவள் மேல் நம்பிக்கை வருகிறது என்பது நமக்குத் தானாகப் புரிகிறது. நீங்கள் கருத்து எழுதும்போது இந்த மாதிரி ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காதல் மெதுவாக நகர்கிறது என்றால், அந்த மெதுவுக்குள் என்ன நடக்கிறது என்றும் சொல்லுங்கள். பலர் "பாதி புத்தகம் வரைக்கும் ஒண்ணுமே நடக்கலை" என்று எழுதுவார்கள். இந்த நாவலில் அந்தப் பாதியில்தான் மீக்கா அந்த வீட்டு மேஜையில் தனக்கென்று ஓர் இடம் பிடிக்கிறாள். அது உங்களுக்குச் சலிப்பாக இருந்தால் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

துணைப் பாத்திரங்களை விட்டுவிடாதீர்கள். இந்த வகைக் கதைகளில் பாதி உயிர் அவர்களிடம்தான் இருக்கிறது. இயன், கென் என்ற வயதான தம்பதி, இரண்டு பேருமே ஆண்கள், நெடுநாளாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள். இயன் பழைய நடிகர், யாரையாவது யாரோடாவது சேர்த்துவைக்கப் பார்ப்பதே அவர் பொழுதுபோக்கு. கென் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர். இளம் ஜோடி தயங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், பக்கத்திலேயே ஒரு நீண்ட காதல் என்ன ஆகும் என்று இந்த இருவர் சும்மா வாழ்ந்து காட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு நாவலில் மிகவும் பிடித்தது இவர்களைத்தான்.

ஆறாம் படி: குறையைச் சொல்லும் விதம்

குறையே இல்லாத கருத்தை யாரும் நம்ப மாட்டார்கள், குறை மட்டுமே உள்ள கருத்து படிக்கிறவரைக் களைப்பாக்கிவிடும். ஆனால் அதைவிட முக்கியம், எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் இது சரியாகச் செய்யப்படவில்லை என்பதையும் தனித்தனியாக வைப்பது.

டெரகோட்டா பேசுவது சில இடங்களில் முப்பது வயசுக்காரி பேசுவது மாதிரி இருக்கிறது. வாக்கியங்கள் கூர்மையாக இருக்கின்றன, சிரிப்பும் வருகிறது, ஆனால் அந்த வயதில் எந்தக் குழந்தை இவ்வளவு கோர்வையாகப் பேசும்? இது செய்நேர்த்தியில் உள்ள குறை, என் ரசனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதே சமயம், கதை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது, பெரிய ஆபத்து எதுவும் இல்லை, வழக்கறிஞர் எட்வர்ட் வருவதற்குள் சிறுமிகள் மந்திரத்தை அடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஒரு கெடுவைத் தவிர நெருக்கடியும் இல்லை. இது எனக்குச் சரிதான், இப்படிப்பட்ட கதகதப்புக்காகத்தான் நான் இந்தப் புத்தகத்தை எடுத்தேன். போர், பேரரசு, டிராகன் என்று எதிர்பார்த்து வருகிறவருக்கு இது பெரிய ஏமாற்றம். அவருடைய ஏமாற்றம் உண்மை, ஆனால் அது புத்தகத்தின் தவறு ஆகாது. புத்தகம் என்ன தருவதாகச் சொல்லிக் கூப்பிட்டதோ அதைத் தந்ததா என்பதுதான் அளவுகோல். அட்டையும் முதல் அத்தியாயமும்தான் அந்த வாக்கு. பிரியாணிக் கடையில் போய் இட்லி மெத்தென்று இல்லை என்று சொல்லக் கூடாது.

இன்னொரு குறையையும் சொல்லியே ஆக வேண்டும். கடைசிப் பகுதியில் மறைத்துவைத்த விஷயம் வெளியே வருகிறது, பெரிதாக மனசு உடைகிறது. அந்த உடைவு நிஜமாக வலித்தது, அதனால் அது அவ்வளவு வேகமாக ஒட்டிக்கொண்டது எனக்கு உறுத்தியது. இத்தனை வருஷம் யாரையும் நம்பாதவள், நம்பிய ஒரே இடத்தில் ஏமாந்தவள், இன்னும் கொஞ்ச நாள் கோபமாக இருந்திருக்கலாம். கவனியுங்கள், என்ன மறைத்தார்கள் என்று சொல்லாமலே இந்தக் குறையைச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசித்தால் எல்லாக் குறையையும் இப்படிச் சொல்ல முடியும்.

நம்மவர்கள் சிலர் இன்னொன்றும் சொல்வார்கள்: நாயகி இந்தியாவில் பிறந்தவள், ஆனால் இந்தியா கதையில் அவ்வளவாக இல்லையே என்று. எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அவள் வளர்ந்த விதத்தை யோசித்துப் பாருங்கள். மொழியும் சமையலும் சொந்தமும் யாராவது கொடுத்தால்தானே குழந்தைக்குக் கிடைக்கும்? அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. அந்த வெறுமையை மசாலாப் பெயர்களைப் போட்டு நிரப்பாமல் விட்டதை நான் நேர்மையாகவே பார்க்கிறேன்.

ஏழாம் படி: யார் கையில் கொடுக்கலாம்

இதை எழுதாமல் விட்டால் நிஜமாகவே சிக்கல் வரும். அக்கா மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அட்டையைப் பார்த்தாள், குழந்தைகள், மந்திரம், நாய், எல்லாம் அவளுக்குப் பிடித்தது, எடுத்துப் போகிறேன் என்றாள். நான் தலையாட்டப் போய், சட்டென்று நினைவு வந்து கையைப் பிடித்து நிறுத்தினேன். கதை முழுக்கக் குழந்தைக் கதை மாதிரி மிருதுவாகப் போகும், ஆனால் பிற்பகுதியில் காதலர்கள் நெருங்கும் காட்சி ஒன்று பெரியவர்களுக்கான காட்சியாகவே விரிவாக வரும். நாவல் பெரியவர்களுக்கானது, அதில் தவறே இல்லை. ஆனால் அட்டையையும் தொனியையும் மட்டும் பார்த்து வாங்குகிற பெற்றோருக்கு இது தெரியாது. அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன், இரண்டு மூன்று வருஷம் போகட்டும் என்று அவளே முடிவு செய்தாள்.

அதனால் கூச்சப்படாமல் ஒரு வரி எழுதுங்கள்: "படுக்கையறைக் காட்சி ஒன்று உண்டு, பெரியவர்களுக்கு மட்டும்." கூடவே வேறு பாரங்கள் இருந்தால் அதையும். இதில் பெற்றோரை இழந்த குழந்தைகள் வருகிறார்கள், தனிமையில் விடப்பட்ட சிறுவயது வருகிறது. சமீபத்தில் யாரையாவது பறிகொடுத்தவருக்கு அது கனமாக இருக்கலாம். லேசான நாவல் என்று சொல்லித்தான் கொடுக்கிறோம், எந்த இடத்தில் லேசாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எட்டாம் படி: சொல் தேடுவது

ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் கருத்து எழுதும்போது முதல் வாக்கியத்திலேயே ஒரு சொல் காலை வாரும். 'விட்ச்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? அகராதியைத் திறந்தால் 'சூனியக்காரி' என்று வரும். நம் ஊரில் சூனியம் என்றாலே பில்லி, ஏவல், செய்வினை, எலுமிச்சம்பழத்தில் குத்திய ஊசி, பாதி ராத்திரியில் வீட்டு வாசலில் கிடக்கும் முட்டை. அந்தச் சொல்லைச் சொல்லி நிஜமான பெண்களை ஊரே ஒதுக்கிவைத்த வரலாறும் உண்டு. அதைக் கொண்டுபோய், டீ போட்டுக்கொடுத்து நாயோடு கொஞ்சும் மீக்காவின் மேல் வைத்தால், என் கருத்தைப் படிக்கிறவர் பேய்ப்படம் என்று நினைத்துக்கொள்வார். 'மாயக்காரி' என்றால் ஆளை மயக்குகிறவள் என்ற பொருள் வந்துவிடும். 'மந்திரவாதி' என்றால் நமக்குத் தாடி வைத்த கிழவர்தான் நினைவுக்கு வருவார், மண்டை ஓடும் கூடவே வரும். 'தேவதை' கிட்டவே வராது, மீக்கா மனுஷி.

நான் கடைசியில் 'மந்திரக்காரி' என்று எழுதினேன், பூக்காரி, மீன்காரி மாதிரி அவளுக்கு அது ஒரு தொழில், ஒரு கைவேலை என்ற வாசனை அதில் இருந்தது. பேச்சில் 'விட்ச்' என்றே சொல்லிக்கொண்டேன், அதுவும் எல்லாருக்கும் புரிகிறது. எதை எடுத்தாலும் ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள், முதல் பத்தியில் சூனியக்காரி, அடுத்த பத்தியில் தேவதை என்று மாறினால் படிக்கிறவர் வேறு வேறு பாத்திரம் என்று நினைப்பார்.

இதே மாதிரி, ரத்த சம்பந்தம் இல்லாதவர்கள் சேர்ந்து குடும்பமாவதை ஆங்கிலத்தில் 'ஃபவுண்ட் ஃபேமிலி' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்த குடும்பம் என்றாகிவிடும், பழைய சினிமா மாதிரி. "ஒட்டும் உறவும் இல்லாதவர்கள் ஒரே வீட்டில் உறவாகிறார்கள்" என்று விரித்து எழுதினால் தெளிவாக இருக்கிறது. 'கோஸி' என்பதற்கு 'கதகதப்பான' என்ற சொல் அழகாகப் பொருந்துகிறது. மெதுவாகப் பற்றிக்கொள்ளும் காதலைச் சொல்லும் 'ஸ்லோ பர்ன்' அப்படியே இருக்கட்டும், இந்த வகை படிக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கதைமாந்தர் பெயர்களில் ஏதாவது சுவை இருந்தால் ஒரு வரி சொல்லுங்கள். இந்த மூன்று சிறுமிகளின் பெயர்கள் ரொசெட்டா, டெரகோட்டா, ஆல்டமீரா. அவர்களை எடுத்து வளர்த்த லில்லியன் ஒரு தொல்லியல் அறிஞர். எகிப்தின் ரொசெட்டா கல்வெட்டு, சீனாவின் சுடுமண் படை, ஸ்பெயினின் ஆல்டமீரா குகை ஓவியம், இந்த மூன்றும் நினைவுக்கு வந்தால் அந்த அம்மாள் குழந்தைகளை எப்படிப் பார்த்தாள் என்று கொஞ்சம் புரியும், ஆசையாகவும் சங்கடமாகவும் இருக்கும்.

ஸ்டார் போடுவது, மற்றவர்கள் எழுதியதைப் படிப்பது

ஸ்டார் விஷயத்தில் நான் ஒரே விதி வைத்திருக்கிறேன்: லேசான நாவலை லேசான நாவல்களோடு மட்டும் ஒப்பிடுவேன். திரும்பப் படிப்பேன் என்றால் ஐந்து. யாருக்காவது கொடுப்பேன் ஆனால் எனக்குத் திரும்ப வேண்டாம் என்றால் நான்கு. நேரம் போனது தெரியவில்லை, பெயரும் நினைவில்லை என்றால் மூன்று. அதற்குக் கீழே போட்டால் காரணம் கட்டாயம் எழுதுவேன்.

எழுதும் முன் மற்றவர்கள் கருத்தைப் படிக்காதீர்கள், எழுதிய பிறகு படியுங்கள். படிக்கும்போது ஐந்து ஸ்டாரையும் ஒரு ஸ்டாரையும் விட்டுவிட்டு, முதலில் மூன்று ஸ்டார் கொடுத்தவர்களைப் படியுங்கள், புத்தகத்தைப் பிடிக்கவும் செய்து பிடிக்காமலும் போனவர்கள்தான் நிறைய விவரம் சொல்வார்கள். "ரொம்ப ஸ்வீட்" என்று புகழ்கிறவரும் "ரொம்ப ஸ்வீட்" என்று குறை சொல்கிறவரும் ஒரே பக்கத்தைத்தான் சொல்கிறார்கள், உங்கள் நாக்குக்கு எவ்வளவு சர்க்கரை தாங்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். யாராவது உங்கள் கருத்துக்கு மாறாக எழுதினால் சண்டைக்குப் போகாமல், எந்த இடத்தில் உங்களுக்கு அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். எங்கள் வாசிப்புக் குழுவில் ஒரு அக்கா ப்ரிம்ரோஸ்தான் பாவம் என்று சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. காரணம் கேட்டேன். அவளும் அநாதைதானே, சட்டத்தைத் தவிர அவளுக்கு வேறு என்ன இருந்தது என்றார். இரண்டாம் முறை நான் இந்த நாவலை எடுத்ததே அதற்காகத்தான்.

எல்லாம் சேர்ந்து ஒரு மாதிரி

மேலே சொன்ன படிகளை வைத்து நான் எழுதிய கருத்து இது. இதையே பின்பற்ற வேண்டாம், அளவு தெரிவதற்காகக் கொடுக்கிறேன்.

"மந்திரக்காரிகள் கூடக் கூடாது என்ற சட்டத்தில் வளர்ந்த மீக்கா, மூன்று குட்டி மந்திரக்காரிகள் ஒன்றாக வாழும் வீட்டுக்கு டீச்சராகப் போகிறாள். அங்கே ஒரு சிடுமூஞ்சி நூலகர், ஒரு வயதான ஜோடி, எல்லாரையும் பார்த்துக்கொள்ளும் லூசி. மந்திரம் இதில் வேடிக்கைக்காக இல்லை, அவள் தனியாக இருப்பதற்கே அதுதான் காரணம். அதனால் காதல் என்பது இங்கே ஒரு வீட்டில் தங்கப் பழகுவது. மெதுவாகத்தான் போகும், பாதி புத்தகம் சாப்பாட்டு மேஜையிலும் பாடத்திலுமே போகும், எனக்கு அதுதான் பிடித்தது. டெரகோட்டா பேசும் பேச்சு அவள் வயதுக்கு மீறியது, ஆனாலும் சிரித்துவிட்டேன். கடைசிச் சண்டை சீக்கிரம் சமாதானமாகிவிட்டது, இன்னும் பத்துப் பக்கம் அவள் கோபமாக இருந்திருக்கலாம். அட்டை குழந்தைக் கதை மாதிரி இருந்தாலும் பெரியவர்களுக்கானது, நெருக்கமான காட்சி ஒன்று உண்டு. வேலை முடிந்து வந்து யாரோடும் பேசத் தோன்றாத சாயங்காலத்தில் படியுங்கள், பக்கத்தில் டீ இருக்கட்டும். நான்கரை ஸ்டார், அரை ஸ்டாரை அந்தச் சமாதானத்துக்காகக் குறைத்தேன்."